காயலான் கடைக்குப் போகும் முன் ஒரு பென்சில் பிரிண்ட்

வாசகர் கேள்வி:

ஐயா, அப்பாவின் 2003 மாடல் மாருதி 800 சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நாலு வருஷமாக நிற்கிறது. அப்பா ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2021-இல் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வீட்டில் அம்மா, கல்யாணமான அக்கா, நான். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அப்படியே தந்தால் 24,000, பார்ட்ஸை நாங்கள் கழற்றிக்கொண்டு தந்தால் 13,000 என்கிறார். பேட்டரி, டயர், ரேடியேட்டர், டைனமோ, என்ஜின் எல்லாவற்றையும் நானே கழற்றித் தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்காதா? ஆர்.சி. புக் கூட வேண்டாம், 29, 30 ஃபாரத்தில் அப்பா கையெழுத்து மாதிரி போட்டுக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். கடைசியாக ஒன்று: ஸ்டீயரிங்கை மட்டும் அப்பா நினைவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

தம்பி, காட்பாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் நான். பார்ட்ஸ் பற்றிக் கேட்டால் ராத்திரி முழுக்கப் பேசுவேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கையெழுத்துச் சமாசாரம். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

29-ஆம் ஃபாரமும் 30-ஆம் ஃபாரமும் வண்டியை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றுகிற ஃபாரங்கள். உடைத்து எடைக்குப் போடப்போகிற வண்டிக்குப் பெயர் மாற்றம் எதற்கு? அந்த மனிதர் உடைக்கலாம், உடைக்காமலும் இருக்கலாம். கொஞ்சம் தட்டிக்கொட்டி இன்னொருவருக்கு விற்கவும் அதே ஃபாரம் போதும். அதற்கு மேல், இறந்துபோனவர் கையெழுத்தை மகன் போடுவது போலிக் கையெழுத்து, வேறு பெயரே கிடையாது. அப்பா எத்தனை வருஷம் எத்தனை ரிஜிஸ்டரில் நேர்மையாகப் போட்ட கையெழுத்தோ! அதை 24,000 ரூபாய்க்கு நீங்கள் போட வேண்டாம்.

என் வாடிக்கையாளர் ஒருவர், குடியாத்தம் ரோட்டுக்காரர், தன் அம்பாசடரை இப்படித்தான் வெறும் கையால் கொடுத்தனுப்பினார். வண்டி நிஜமாகவே உடைந்துதான் போனது, என் கண்ணாலேயே கதவுகளைப் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போலீஸ் வந்து வீட்டுக் கதவைத் தட்டியது. அதே நிறத்தில் வேறொரு அம்பாசடர், இவருடைய நம்பர் பிளேட், உள்ளே கடத்தல் மரக்கட்டை. வண்டி செத்துவிட்டது, நம்பர் சாகவில்லை. அந்த மனிதர் அலைந்த அலைச்சலுக்கு, காருக்கு வாங்கிய காசு பஸ் டிக்கெட்டுக்கே போயிருக்கும்.

காயலான் கடைக்காரர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. என் ஒர்க்‌ஷாப்பே அவர்கள் இல்லாமல் நடக்காது. ஆனால் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற அண்டா வேறு, ஆர்.டி.ஓ. கணக்கில் உயிரோடு இருக்கிற கார் வேறு. அந்தக் கணக்கை முடிக்கிற வரை, வண்டி எந்தக் குழியில் கிடந்தாலும் சொந்தக்காரர் உங்கள் அப்பாதான். அவர் இல்லாததால் நீங்கள்தான்.

கணக்கை எப்படி முடிப்பது? வண்டி இனி ஓடவே ஓடாது என்று ஆகிவிட்டால் உரிமையாளர் அதை 14 நாளுக்குள், முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. இதற்கென்றே 2021-இல் தனி விதிகள் வந்தன. அதன்படி அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. வண்டியை அங்கே ஒப்படைத்தால், ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழும், உடைத்து முடித்த பிறகு உடைத்ததற்கு ஒரு சான்றிதழும் தருவார்கள். உங்களுக்கு இந்த இரண்டு காகிதமும்தான் முக்கியம், காசு அப்புறம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன அழிப்புக்கென்று தனிப் பக்கம் உண்டு. மையங்களின் பட்டியல் அங்கேயே இருக்கும், விண்ணப்பமும் அங்கேதான். எந்த ஊரில் பதிவான வண்டியையும் எந்த மையத்திலும் விடலாம். நம்முடைய டி.என். 23 வண்டி வேலூரில்தான் உடைய வேண்டும் என்று இல்லை.

விண்ணப்பம் போட்டதும் கம்ப்யூட்டர் நாலு விஷயம் பார்க்கும். வண்டி மேல் லோன் நிற்கிறதா, குற்ற வழக்கு இருக்கிறதா, வரியோ அபராதமோ பாக்கியா, ஆர்.டி.ஓ. கறுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா. இதில் ஒன்று இருந்தாலும் விண்ணப்பம் உள்ளே போகாது. அப்பா லோன் போட்டு வாங்கியிருந்தால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும். கடன் எப்போதோ முடிந்திருக்கும், பெயரை நீக்க மறந்திருப்பார்கள். பத்தில் மூன்று பழைய வண்டியிலாவது நான் இதைப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் பேங்கில் தடையில்லாச் சான்று வாங்கி, 35-ஆம் ஃபாரத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து நீக்கிவிடுங்கள்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதால் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த கடிதம், இவை கையில் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முதலில் உங்கள் பெயருக்கு மாற்றச் சொன்னால் அதற்கு 31-ஆம் ஃபாரம், 29-ம் 30-ம் அல்ல. மையத்துக்கு ஃபோன் போட்டு, இந்தக் காகிதங்களோடு நேரடியாக எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் அலையுங்கள். திரும்பவும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து யாருக்காவது விற்கலாமா என்று அக்கா வீட்டுக்காரர் யோசனை சொல்லக்கூடும். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் மட்டுமே 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறியது. அதற்கு மேல் பாடியும் பிரேக்கும் டயரும் பார்க்க வேண்டும். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுங்கள். வண்டி நம்பர் என்றால் எல்லோரும் பிளேட்டைத்தான் நினைக்கிறார்கள். பிளேட் இரண்டு ஸ்க்ரூவில் போய்விடும். நிஜமான அடையாளம் சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும்தான். 800-இல் பானட்டைத் திறந்தால், என்ஜினுக்குப் பின்னால் கேபினைப் பிரிக்கிற தகட்டில் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். நாலு வருஷ வேப்பம்பூவும் அணில் கூடும் அதை மூடியிருக்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். துருவோடு எழுத்தும் தேய்ந்தால், நம்பரை அழித்ததாக நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். துடைத்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேயுங்கள். ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழுந்து வரும். மொத்தம் 17 எழுத்து. மாருதி என்றால் 'எம்ஏ3' என்று ஆரம்பிக்கும். ஆங்கில 'ஓ' மாதிரி ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம், இந்த நம்பரில் 'ஓ' வராது. ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

எதற்கு இவ்வளவு என்றால், ஒப்படைக்கிற இடத்தில் இந்த இரண்டு நம்பரையும் வைத்துத்தான் திருட்டு வண்டியா என்று பதிவேட்டில் பார்ப்பார்கள். என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டால் என்ஜின் நம்பரை எங்கே போய்ப் பார்ப்பது? விற்ற என்ஜின் வேறொரு வண்டியில் ஏறி வேறெங்கோ பிடிபட்டால், அதுவும் அப்பா பெயருக்குத்தான் வரும். அதனால் என்ஜினைத் தொடாதீர்கள். நம்பர் உள்ள தகடு, என்ஜின், கியர்பாக்ஸ் மூன்றும் வண்டியோடு போகட்டும்.

நீங்கள் மனதுக்குள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. 24,000-க்கும் 13,000-க்கும் நடுவே 11,000 இருக்கிறது, பார்ட்ஸை விற்றால் அதைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். தாண்டாது தம்பி. 800-இன் மொத்த எடையே சுமார் 650 கிலோ. அதிலும் கண்ணாடி, ரப்பர், ஸ்பஞ்சு, பிளாஸ்டிக் போனால்தான் இரும்பு. இரும்புக்காரர் 24,000 சொன்னது தகட்டுக்கு அல்ல, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும், முக்கியமாக சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும். பார்க்க நசுங்கிய டப்பா மாதிரி இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி, அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். தங்கத்தோடு சேர்த்துப் பேசுகிற உலோகங்கள் இவை. உங்கள் வண்டி 2003 என்பதால் அது கண்டிப்பாக உண்டு. யார் விலை பேசினாலும், கன்வர்ட்டரோடு சேர்த்தா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இவனுக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

ரேடியேட்டர் நாலு வருஷம் தண்ணீர் வற்றி உள்ளே சேறாகியிருக்கும், அதை எடைக்குத்தான் எடுப்பார்கள். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் ஓட்டிப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் நல்ல விலை தரமாட்டார். 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, பார்ட்ஸுக்கு இனி கிராக்கி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது.

டயரைக் கழற்றவே கூடாது. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். '2317' என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழசை வாங்குகிறவரும் பாவம், விற்கிறவருக்கும் பாவம். ஆனால் காற்றடித்தால் வண்டியை உருட்டலாம். அந்த ஒரு வேலைக்கு அந்த டயர் தேவை. கொசப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நாலு டயரையும் விற்றுவிட்டு, காரை ஹாலோபிளாக் மேல் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். சந்துக்குள் லாரி வரவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து, சாமி தூக்குகிற மாதிரி தூக்கித் தெருமுனைக்குக் கொண்டுபோனோம். டயர் விற்ற காசு டீக்கும் வடைக்கும் கூலிக்கும் சரியாகப் போனது. ஹாலோபிளாக் மேல் கார் நிறுத்துவதையே விட்டுவிடுங்கள், அது சொல்லாமல் உடையும். அடியில் யாராவது படுத்திருந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்திருப்பீர்கள். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி என்ஜினைத் தூக்கலாம் என்று. நானும் சின்ன வயதில் அப்படித் தூக்கியவன்தான். பிரீமியர் பத்மினி என்ஜின், புளியமரக் கிளை. கிளை முறிந்து என்ஜின் ஃபெண்டர் மேல் விழுந்தது. அரை அடி தள்ளி என் கால்.

கழற்ற வேண்டியவை ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிடும். பேட்டரி: முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். பழைய பேட்டரியைப் பேட்டரி கடையிலேயே கொடுத்தால் எடைக்கு விலை தருவார்கள், புதிது வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். அமிலம் இருக்கிறது, சாய்க்காமல் எடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். ஸ்டீரியோ, ஸ்பீக்கர், டிக்கியில் இருக்கிற ஜாக்கி, டூல் பை. அப்புறம் டாஷ்போர்டு பெட்டியையும் சீட்டுக்கு அடியையும் கையை விட்டு நன்றாகத் துழாவுங்கள். பழைய இன்சூரன்ஸ், பெட்ரோல் ரசீது, அப்பாவின் கண்ணாடிக்கூடு, எது வேண்டுமானாலும் இருக்கும். முன்கண்ணாடியில் ரத்தினகிரி முருகன் ஸ்டிக்கர் இருந்தால், ஈரத்துணியை அரை மணி நேரம் ஒட்டிவைத்தால் கிழியாமல் வரும்.

அதே கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போடுவது மட்டும் போதாது. எந்த பேங்கில் எடுத்ததோ அங்கே சொல்லி மூடுங்கள், உள்ளே இருக்கிற டெபாசிட்டும் மிச்சப் பணமும் வரும். மூடாவிட்டால் பள்ளிகொண்டா டோலில் யாருடைய வண்டிக்கோ உங்கள் பணம் போகலாம்.

ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் எதையும் வீட்டில் வடிக்க வேண்டாம். அதைப் பத்திரமாக வடித்து எடுப்பது மையத்தின் கடமை. கூலண்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் பிழைக்காது. ஆயிலை மரத்தடியில் ஊற்றினால் எறும்பு வராது என்று நம் ஊரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கி, கிணறு கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. நாம் போய் மண்ணில் ஆயில் ஊற்றலாமா? டேங்கில் பழைய பெட்ரோல் மிச்சம் இருந்தால் அதையும் மையத்தில் சொல்லிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் கேஸ் கட்டர் பக்கத்தில் போகக்கூடாது. உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும், திரவத்தைவிட அது மோசம்.

எடுக்க வருகிற அன்றைக்கு: நாலு வருஷம் நின்ற வண்டியில் பின்பக்க டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டினால் விடும். காற்றை முதல் நாளே அடித்து, இரண்டடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். லாரி வாடகை யார் தலையில் என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு பேசினால் அவர் சொல்வதுதான் ரேட். ஆர்.சி. நகல், ஆதார் நகல் எதைக் கொடுத்தாலும் குறுக்கே 'வாகனம் அழிப்பதற்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். வண்டி லாரியில் ஏறியதும், லாரி நம்பரும் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ. நாளும் நேரமும் எழுதி ஒரு ரசீது. பணம் பேங்கில் வரட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு ரத்தாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால், சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நடை போய்வாருங்கள். புதுக் கார் வாங்குகிற எண்ணம் இருந்தால் ஒப்படைப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

மையத்தில் 24,000 தருவார்களா என்று கேட்பீர்கள். குறையலாம். குறைந்தாலும் அங்கேயே கொடுங்கள்.

ஸ்டீயரிங் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போதே சொல்லி, அது இல்லாமல்தான் விலை என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் முன்கூட்டியே கழற்றாதீர்கள், வண்டியை லாரிக்கு நேராகத் திருப்ப அது வேண்டும். மேலே ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு ஏறி உட்காருங்கள். உங்கள் மாடலில் ஏர்பேக் கிடையாது, பயமில்லை. நடுவில் இருக்கிற ஹாரன் மூடியைப் பெயர்த்தால் உள்ளே ஒரே ஒரு நட். அதை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். கடைசி இரண்டு மரையில் அப்படியே நிற்கட்டும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்து உங்கள் பக்கம் இழுங்கள். இருபது வருஷம் இறுகிய பல், முதலில் வராது. பிறகு ஒரே வெட்டாக வரும். நட் இருந்தால் அதில் வந்து நிற்கும். இல்லையென்றால் நேராக உங்கள் மூக்குக்கு வரும்.